கறுப்பியும் செவலையும்

பல்லேபொலச் சந்தியில், தன் கராஜுக்கு முன்னால் நின்ற பலா மரத்து நிழலில் இரண்டு மோட்டார் சைக்கிள்களையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திவிட்டு, எதிரே எண்ணெய் டின் ஒன்றைக் கவிழ்த்துப் போட்டு அதன்மேல் உட்கார்ந்திருந்தான் நோபர்ட். வலது காலை மடக்க முடியாமல் நேரே நீட்டியிருந்தான். அந்தப் பக்கத்தில் மெக்கானிக்கை பாஸ் என்றுதான் கூப்பிடுவார்கள். பஸ்ஸுக்கு நின்றவர்களில் ஒருவர், பாஸ் பெண் பார்க்க வந்திருக்கிறார் போலிருக்கிறது என்று சிங்களத்தில் சொல்ல, மற்றவர்கள் சிரித்தார்கள். நோபர்ட்டின் காதிலும் விழுந்தது. சிரிக்கிறவர்களுக்கு என்ன, அவர்களுக்கு பஸ் வந்தால் போய்விடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை தோட்டத்துக் கோயிலில் அந்தோனியார் திருநாள். அதற்குள் இந்த இரண்டில் எதை அவன் உயிராக வைத்திருக்கிறானோ, அதைக் கோயிலுக்குக் கொடுத்துவிட வேண்டும். அப்படித்தான் அவன் மனைவி டொறீன் நேர்ந்திருந்தாள். இன்றைக்குப் புதன்கிழமை ஆகிவிட்டது.

இடது பக்கம் நின்றது டுக்காட்டி. கறுப்பு. வலது பக்கம் லவர்டா. செம்மஞ்சள். இரண்டும் எழுநூற்றைம்பது சீசீ, இரண்டும் இத்தாலி. இலங்கையில் இப்படி இன்னொரு சோடி உண்டோ இல்லையோ, மாத்தளை மாவட்டத்தில் கிடையாது. டொறீனுக்கு அந்தப் பெயர்கள் வாயில் நுழையாது. வந்த நாளே ஒன்றுக்குக் கறுப்பி, மற்றதற்குச் செவலை என்று மாட்டுக்கு வைக்கிற மாதிரி பெயர் வைத்துவிட்டாள். பிள்ளை குட்டி இல்லாத வீடு. "எல்லாருக்கும் ஒரு சக்களத்திதான் வருவா, எனக்கு ரெண்டு" என்று சிரித்துக்கொண்டே சொல்லுவாள். அப்படிச் சொல்லிவிட்டு இரண்டுக்கும் பழைய சேலைத் துணியில் உறை தைத்துப் போட்டவளும் அவள்தான்.

இவை வந்த கதையைக் கேட்டால் சிரிப்புத்தான் வரும். மகாவலித் தண்ணீருக்காக நாலந்தாவுக்கு அப்பால் மலையைக் குடைந்த காலத்தில் நோபர்ட் வேலைத்தளத்து மெக்கானிக். அங்கே இரண்டு இத்தாலிக்காரத் துரைமார் இருந்தார்கள். கார்லோ துரை டுக்காட்டிக் கட்சி. புரூனோ துரை லவர்டாக் கட்சி. இரண்டு பேரும் ஒரே மேசையில் சாப்பிடுவார்கள், ஒரே கோயிலுக்குப் போவார்கள், மோட்டார் சைக்கிள் பேச்சு எடுத்தால் மட்டும் ஒருவர் முகத்தில் மற்றவர் விழிக்கமாட்டார். வேலை முடிந்து ஊருக்குப் புறப்படும்போது, கப்பலில் ஏற்றுகிற வில்லங்கம் வேண்டாமென்று கார்லோ துரை தன் வண்டியை நோபர்ட்டுக்கே எழுதிக் கொடுத்தார். அதைக் கேள்விப்பட்ட புரூனோ துரைக்குச் சோறு இறங்கவில்லை. டுக்காட்டியை மட்டும் வைத்திருந்தால் நோபர்ட் சாகும்வரை டுக்காட்டிதான் பெரிசு என்று சொல்லித் திரிவானே என்ற கவலை. மறுநாள் காலையில் லவர்டாவைக் கொண்டுவந்து வாசலில் நிறுத்தி, சாவியை நோபர்ட்டின் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டுப் போனார்.

அதோடு விட்டார்களா என்றால் இல்லை. ஒவ்வொரு மார்கழியிலும் நத்தார் வாழ்த்தோடு இரண்டு கடிதம் வரும். இரண்டிலும் ஒரே கேள்வி. நோபர்ட், உண்மையைச் சொல், எது நல்லது? நோபர்ட்டுக்கு வேலைத்தளத்து இத்தாலியன் பேச வரும், எழுத வராது. ரோமாபுரியில் படித்து வந்த ராஜநாயகம் சாமியிடம் போவான். சாமி கதிரையை இழுத்துப் போட்டு, கார்லோவுக்கு டுக்காட்டிதான் என்றும் புரூனோவுக்கு லவர்டாதான் என்றும் அழகான எழுத்தில் எழுதிக் கொடுப்பார். பிறகு தைமாதத்தில் நோபர்ட் பாவசங்கீர்த்தனத்துக்குப் போய் முழங்காலில் நிற்கும்போது, "ரெண்டு பொய்தானே, தெரியும், அடுத்தத சொல்லு" என்பார்.

உண்மையில் அவை முழுப் பொய்யுமல்ல. நோபர்ட்டுக்கே தெரியாது. ஒரு கிழமை இதில் போவான், ஒரு கிழமை அதில் போவான். கறுப்பி வேலைக்காரி. மேடு கண்டால் குனிந்து ஏறும், வளைவில் சொன்ன இடத்தில் நிற்கும், ஆனால் மிதித்து எழுப்புவதற்குள் மனுசனைச் சாகடிக்கும். செவலை அப்படியல்ல. விரலால் பொத்தானைத் தொட்டால் போதும், எழும்பிவிடும். அகலமான இருக்கை. டொறீனைப் பின்னால் வைத்துக்கொண்டு மாத்தளைக்குப் போனால், அவள் கையிலிருக்கிற முட்டைப் பை கூட ஆடாது. யாராவது எது நல்லது என்று கேட்டால் நோபர்ட் சிரித்து மழுப்புவான். பத்து வருஷம் அப்படியே ஓடிவிட்டது.

எண்பத்தொன்பது நவம்பர் கடைசியில் ராணுவத்தார் ஜீப்பில் வந்து அவனைக் கொண்டுபோனார்கள். பெரிய காரணம் ஒன்றுமில்லை. யாரோ ஒரு பையன் கொண்டுவந்த ஹொண்டாவுக்கு கிளச் கேபிள் மாற்றிக் கொடுத்திருந்தான். அந்த ஹொண்டா பிறகு எங்கேயோ ஒரு கொலைக்குப் போய் வந்ததாம். கிளர்ச்சிக்காரப் பையன்களும் அரசாங்கமும் மாறி மாறிக் கொன்ற அந்தக் காலத்தில் அதற்குமேல் யாரும் கேட்கவும் மாட்டார்கள், சொல்லவும் மாட்டார்கள். றோட்டோரத்தில் பிணத்தோடு டயர் எரிகிற நாற்றம் வந்தால் பஸ்ஸில் இருக்கிறவர்கள் மற்றப் பக்கம் பார்த்துக்கொள்கிற காலம். ஐம்பத்தொரு நாள். டொறீன் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கினாள். ஒரு செவ்வாய்க்கிழமை, ஏற வாசல் இல்லாமல் போனபோது, அந்தோனியார் காலடியில் போய் விழுந்தாள். கோழி நேரலாம், தேங்காய் நேரலாம், மெழுகுதிரி நேரலாம். அவளுக்கு அதெல்லாம் ஒரு புருஷனுக்குக் காணாது என்று பட்டது. "அவரு உசிரா வச்சிருக்க வண்டிய ஒனக்குத் தாறேன், ஆள மட்டும் தந்துரு" என்று சொல்லிவிட்டாள். எந்த வண்டி என்று சொல்லவில்லை. அந்த நேரத்தில் கறுப்பி என்ன, செவலை என்ன, சொந்தப் பெயரே அவளுக்கு நினைவில்லை.

பொங்கலுக்கு மறுநாள் நோபர்ட் வந்துவிட்டான். பாதி ஆளாக மெலிந்து, வலது முழங்கால் மடங்காமல் வந்தான். என்ன நடந்தது என்று அவன் சொல்லவில்லை. டொறீன் இரண்டு தரம் கேட்டாள். அவன் எழுந்து போய்க் குழாயடியில் கை கழுவினான். அதன் பிறகு அவள் கேட்கவில்லை. கராஜைத் திறந்து வேலை செய்தான், சாப்பிட்டான், கேட்டதற்குப் பதில் சொன்னான். கறுப்பியை மிதிக்க அவனால் முடியவில்லை. செவலையில்தான் போய் வந்தான். ஆறு மாதமாகக் கறுப்பி உறைக்குள்ளேயே நின்றது.

நேர்த்தி விஷயத்தை டொறீன் போன மாதம்தான் சொன்னாள். அவள் சொல்லி வாய் மூடவில்லை, ஊருக்கு விடை தெரிந்துவிட்டது. இதில் யோசிக்க என்ன இருக்கிறது, மிதிக்க முடியாத வண்டியைக் கோயிலுக்குக் கொடு, பொத்தான் வண்டியை நீ வைத்துக்கொள், சாமிக்கும் ஆச்சு உனக்கும் ஆச்சு என்றார்கள். டொறீன் அதைக் கேட்டு மூஞ்சியைத் தொங்கப்போட்டாள்.

"பால் வத்திப்போன மாட்டையா கோயிலுக்கு நேந்து விடுறது?" என்றாள் ராத்திரிச் சோற்றைப் போட்டுக்கொண்டே. "நான் சொன்னது உசிரா வச்சிருக்கத. நீங்க செவலையிலதானே போறீங்க, வாறீங்க. எனக்குத் தெரியாதா?"

"பாப்பம்" என்றான் அவன்.

"கொறயா குடுத்து, அவரு திருப்பிக் கேட்டா நான் என்னங்க செய்வேன்?"

திருப்பிக் கேட்பார் என்று அவள் சொன்னது வண்டியையல்ல, அவனை. றோட்டில் ஜீப் சத்தம் கேட்டால் அவள் கையிலிருக்கிற கரண்டி அப்படியே நின்றுவிடுவதை அவன் பார்த்திருக்கிறான்.

வியாழக்கிழமை செவலையை எடுத்துக்கொண்டு ராஜநாயகம் சாமியிடம் போனான். சாமி திருநாளுக்குக் கொடி கட்டுகிற மூங்கிலைத் தடவிப் பார்த்துக்கொண்டிருந்தார். விஷயத்தைக் கேட்டுவிட்டு மூக்குக் கண்ணாடியைக் கழற்றினார்.

"அந்தோனியாருக்கு லைசன் கிடையாது நோபர்ட். எதக் குடுத்தாலும் ஏலத்துல போட்டு, வாற காசுல கூரைக்குத் தகரம் போடத்தான் போறேன். அவருக்கு ரெண்டும் ஒண்டுதான்."

"டொறீனுக்கு ஒண்டு இல்ல சாமி."

"ஒனக்கு?"

நோபர்ட் மூங்கிலைப் பார்த்தான்.

"பத்து வருஷமா ரெண்டு கடிதம் எழுதினேன்" என்றார் சாமி. "இந்தத் தடவ ஒண்டுதான் எழுதலாம்போல இருக்கு."

அவனுக்கு விடை தெரிந்திருந்தது, அதுதான் வினை. தெரியாமல் இருந்த காலத்தில் சுகமாக இருந்தான். அந்த ஐம்பத்தொரு நாளில் அவனுக்கு விடை தெரிந்துபோனது. கறுப்பிதான். ஆனால் கறுப்பியைக் கொடுத்தால் ஊர் சொன்னபடி உதவாத வண்டியைத் தள்ளிவிட்டான் என்றாகும். ஊர் கிடக்கட்டும், டொறீன் என்ன நினைப்பாள்? அந்தோனியாரை ஏமாற்றிவிட்டோம் என்று ஒவ்வொரு ஜீப் சத்தத்துக்கும் செத்துச் செத்துப் பிழைப்பாள். அது ஏமாற்று அல்ல என்று அவளுக்குப் புரிய வைக்க வேண்டுமானால், குழாயடியில் கை கழுவிக் கழுவி உள்ளே தள்ளியதையெல்லாம் வெளியே எடுக்க வேண்டும். அது அவனால் ஆகாது. பேசாமல் செவலையைக் கொடுத்துவிட்டால் டொறீன் நிம்மதியாக இருப்பாள், புருஷனென்றால் இவனைப் பார் என்று ஊர் மெச்சும். மிதிக்க முடியாவிட்டாலும் கறுப்பி வீட்டில் நிற்கும், காலையில் எழுந்து அதன் முகத்தில் விழிக்கலாம். ஏமாறுகிறவர் அந்தோனியார் ஒருவர்தான். அவர் பெரிய மனசுக்காரர் என்று சின்ன வயதிலிருந்து கேட்டு வந்திருக்கிறான்.

சனிக்கிழமை மத்தியானம் செவலையை மரத்தடிக்குக் கொண்டுவந்து, சங்கிலியைக் கழுவி, சோப்பு போட்டு, வெள்ளிப் பாகங்களைச் சாம்பலால் துலக்கத் தொடங்கினான். டொறீன் பிளேன்டீயும் ஒரு துண்டு கருப்பட்டியும் கொண்டுவந்தாள். வாசலில் நின்று பார்த்தாள். பார்த்துக்கொண்டே இருந்தாள். கோப்பையைத் தரையில் வைத்துவிட்டு வந்து, ஈரக் கையோடு குனிந்து நின்ற அவன் தலையைத் தன் வயிற்றோடு சேர்த்துப் பிடித்தாள். பட்டப்பகலில், றோட்டோரத்தில், பஸ்ஸுக்கு ஆட்கள் நிற்கும்போது அவள் அப்படிச் செய்கிறவள் அல்ல.

"எனக்காகத்தானே" என்றாள். "இது இல்லாம நீங்க எங்கயும் போக முடியாதுன்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சும் குடுக்கிறீங்க. நான் கும்பிட்ட சாமிக்கு முன்னுக்கு நீங்கதான்."

திட்டியிருந்தால் தாங்கியிருப்பான். அவள் அப்படிச் சொன்னது தாங்கவில்லை. துணியைக் கீழே போட்டான்.

"இது இல்ல" என்றான்.

"என்ன?"

"உசிரா வச்சிருக்கது இது இல்ல. கறுப்பிதான்."

டொறீன் கையை எடுத்தாள். முகம் மாறியது. "மிதிக்க ஏலாததையா" என்று தொடங்கினாள்.

"இரு. நான் சொல்றேன். நடுவுல ஒண்டும் கேக்காத. கேட்டா நின்டுரும்."

அவள் எண்ணெய் டின்னில் உட்கார்ந்தாள். அவன் செவலையின் சக்கரத்தைப் பார்த்துக்கொண்டே பேசினான்.

"கண்ணக் கட்டித்தான் வச்சிருந்தாங்க. கை பின்னால. மொத ரெண்டு நாளு ஒன்னய நெனச்சேன். ஒன்னய நெனச்சா அழுக வந்துச்சு, அழுதா அடிச்சாங்க. வேற எதையாச்சும் நெனைக்கணும்னு செவலைய நெனச்சுப் பாத்தேன். வரல்ல. பாதியில விட்டுட்டுப் போயிருச்சு. அப்பதான் கறுப்பி வந்துச்சு. மனசுல நிப்பாட்டி டேங்க கழட்டினேன். கார்ப்ரேட்டரக் கழட்டினேன். எஞ்சினுக்குள்ள ஒரு தண்டு செங்குத்தாப் போகுது, மேலயும் கீழயும் பல்லுச்சக்கரம். அதுக்கு அடியில தலமயிர் கனத்துக்கு வளையம் வைக்கணும். கூடினாலும் பிழை, கொறஞ்சாலும் பிழை. பின்னால கட்டின கையில வெரல மட்டும் ஆட்டி ஆட்டி ஒவ்வொரு வளையமா எடுத்து வப்பேன். பக்கத்து அறையில சத்தம் வரும். ஒரு சின்னப் பையன், சிங்களத்துல அம்மாவக் கூப்புடுவான். அந்த நேரத்துல நான் வளையத்த எண்ணுவேன். நல்லா எண்ணுவேன். ஒரு நாளைக்கு ஒரு தடவ முழுசாக் கழட்டி, முழுசாப் பூட்டுவேன். ஒரு நாள் அவன் கூப்புடல்ல. அண்டைக்கு நான் ரெண்டு தடவ பூட்டினேன்."

பஸ் வந்து நின்று, ஆட்களை ஏற்றிக்கொண்டு போனது. தூசி அடங்கியது.

"பூட்டி முடிச்சு ஸ்டார்ட் பண்ணுவீங்களா?" என்று கேட்டாள் டொறீன். கேட்கக் கூடாது என்று சொன்னது அவளுக்கு மறந்துவிட்டது.

"இல்ல. கடைசி நட்ட இறுக்கினதும் நிப்பாட்டிருவேன். மிதிக்க மாட்டேன். மிதிச்சு அது எழும்பிட்டா வேல முடிஞ்சிரும். அதுக்குப் பொறகு எதப் பிடிச்சுக்கிட்டு நான் இருக்கிறது?"

டொறீன் அழுதாள். சத்தமில்லாமல், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அழுதாள். பிறகு எழுந்து கராஜுக்குள் போய், கறுப்பியின் உறையை எடுத்துவிட்டு அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். மூக்கை உறிஞ்சிக்கொண்டு திரும்பி வந்தாள்.

"அப்ப இத எப்புடிங்க குடுக்கிறது?" என்றாள். "இதுதானே ஒங்களக் கொண்டாந்து தந்திருக்கு. செவலையவே குடுத்துருவம். நான் அவருக்கிட்ட சொல்லிக்கிறேன்."

அவனுக்குச் சிரிப்பு வந்தது. ஆறு மாதத்துக்குப் பிறகு வந்த சிரிப்பு.

"நீதானே சொன்ன. உசிரா வச்சிருக்கதுன்னு."

"நான் என்னத்தக் கண்டேன்."

"சொன்னது சொன்னதுதான் புள்ள. கொறயாக் குடுக்க ஏலாது. அந்த வாளிய எடு."

அன்று பின்னேரம் முழுக்க இரண்டு பேருமாகக் கறுப்பியைத் துலக்கினார்கள். புதுப் பெற்றோல் ஊற்றினான். பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டான். அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல, இதுதானா அந்தத் தண்டு, இதுக்குள்ளேயா வளையம் என்று டொறீன் விரலை வைத்து வைத்துக் கேட்டாள். மிதிக்கிற இரும்பை மட்டும் அவன் தொடவில்லை.

ஞாயிறு பூசை முடிந்து, அந்தோனியார் சுரூபத்தைத் தூக்கிச் சுற்றி வந்து, கோயில் முற்றத்தில் ஏலம் தொடங்கியது. தேங்காய்க் குலை போனது, பலாப்பழம் போனது, கால் கட்டிய சேவல் ஒன்று ஏலம் முடியுமுன்பே கட்டை அவிழ்த்துக்கொண்டு பீடத்துக்குள் ஓடிவிட்டது. கடைசியாக நாலு பேர் கறுப்பியைத் தள்ளிக்கொண்டு வந்தார்கள். கூட்டத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நாங்கள் சொன்னதைத்தான் செய்திருக்கிறான், கெட்டிக்காரன் என்றார்கள். டொறீன் குடையின் கீழ் நேராக நின்றாள். அவர்கள் சொன்னது அவளுக்கும் கேட்டது. அவள் யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

மாத்தளையில் மிளகும் கராம்பும் மொத்தமாக வாங்குகிற ஸஹாப்தீன் முதலாளிதான் எடுத்தார். இந்த வண்டிக்காக வெள்ளைச் சப்பாத்து போட்டுக்கொண்டு வந்திருந்தார். செவ்வாய்க்கிழமைகளில் அவர் வீட்டிலிருந்தும் அந்தோனியாருக்கு மெழுகுதிரி வரும், அதனால் அவரை அந்நியமாக யாரும் பார்க்கவில்லை. சாமி கையைப் பிடித்துக் குலுக்கினார். முதலாளி ஏறி உட்கார்ந்து, மிதித்தார். ஒன்றுமில்லை. இன்னும் பலமாக மிதித்தார். இரும்பு திருப்பியடித்தது. முதலாளி காலைப் பிடித்துக்கொண்டு இறங்கினார், வெள்ளைச் சப்பாத்தில் எண்ணெய். தோட்டத்து லொறி டிரைவர் மிதித்தான். இரண்டு வாலிபர்கள் மாறி மாறி மிதித்தார்கள். கறுப்பி இருமக்கூட இல்லை.

"பள்ளத்துல தள்ளி விட்டா எழும்பிரும்" என்று யாரோ சொன்னார்கள்.

"தள்ள வேணாம்" என்றான் நோபர்ட். சொன்ன பிறகுதான் தன் குரல் அது என்று அவனுக்குத் தெரிந்தது.

"அப்ப வாங்க பாஸ்" என்றார் முதலாளி, முழங்காலைத் தேய்த்துக்கொண்டு. "நீங்க ஒரு மிதி மிதிச்சுத் தாங்க. ஒங்க கைக்குத்தான் இது கேக்கும்."

முற்றத்தில் நின்றவர்கள் நோபர்ட்டின் காலைப் பார்த்தார்கள். முதலாளி வெளியூர், அவருக்குத் தெரியாது. நோபர்ட் இரண்டடி முன்னால் வந்தான். வலது காலைத் தூக்கிப் பார்த்தான். அது தூக்கின அளவுக்குத் தூக்கியது, அதற்குமேல் இல்லை. கையை இருக்கைமேல் வைத்துக்கொண்டு நின்றான். எப்படி மிதிக்க வேண்டும் என்று அவருக்குச் சொல்லிக் கொடுக்கலாம், இரண்டு சொல்தான். அவன் இருக்கையின் தூசியைத் துடைத்தான்.

டொறீன் குடையை மடக்கி சாமியின் கையில் கொடுத்தாள். செருப்பைக் கழற்றினாள். சேலைக் கொசுவத்தை ஒரு கையால் அள்ளி இடுப்பில் செருகிக்கொண்டு வந்து, வண்டியின் பக்கத்தில் நின்றாள்.

"சொல்லுங்க" என்றாள்.

"கால் நோகும்."

"நொந்தா நோகட்டும். மொதல்ல எது?"

அவன் அவள் கையைப் பிடித்துக் கார்ப்ரேட்டரின் சின்னக் குமிழில் வைத்தான். "அமத்து. பெற்றோல் கசியும்வரைக்கும். போதும். மத்தப் பக்கமும். இப்ப ஏறி நில்லு. கால மேல வை. மெதுவா, மெதுவா அமத்திக்கிட்டே வா. ஒரு இடத்துல இறுகும்."

"இறுகுது."

"அந்த இடந்தான். அதத் தாண்ட விட்டு, கால மேல எடு."

அவள் எடுத்தாள். ஹாண்டிலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு, மரம் ஏறுகிறவள் போல இரும்பின்மேல் நின்று, திரும்பி அவனைப் பார்த்தாள். கடைசி நட்டு வரைக்கும் எல்லாம் பூட்டியாகிவிட்டது. இதற்குமேல் அவன் ஒரு நாளும் போனதில்லை. அவன் கை இரண்டும் தாமாகவே முதுகுக்குப் பின்னால் போயிருந்தன. கோயில் கூரையில் வெயில் சுட்டது. பின்னால் ஒரு குழந்தை சிணுங்கியது.

"மிதி" என்றான் நோபர்ட்.

அவள் முழு உடம்போடும் மிதித்தாள். கறுப்பி ஒரு தரம் மூச்சு இழுத்தது, இரண்டாவது தரம் இழுத்தது, பிறகு முற்றத்து மண் அதிர எழும்பிவிட்டது. குடையைப் பிடித்திருந்த சாமி பின்னால் நகர்ந்தார். சேவல் பீடத்திலிருந்து பறந்தது. இறங்கவும் தெரியாமல், விடவும் தெரியாமல் ஹாண்டிலைப் பிடித்தபடி, ஆடி நடுங்கிக்கொண்டு அதன் மேல் நின்றாள் டொறீன். அந்தச் சத்தத்துக்கு நடுவில் நோபர்ட் கை இரண்டையும் முன்னால் கொண்டுவந்து, கண்ணை மூடாமல், அவளையே பார்த்துக்கொண்டு நின்றான்.